நுரையைப் பார்த்து அலறும் ஊர், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஆசிட் வாங்கும் ஊர்

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் கெமிஸ்ட்ரி மாணவன் கிடையாது. பி.காம். டிரையல் பேலன்ஸ் ஐம்பது பைசா இடித்தால் ராத்திரி தூக்கம் வராத ஜாதி. அதனால் இந்தப் பதிவில் அணு, மூலக்கூறு என்று படம் வரைந்து பாகம் குறிக்க மாட்டேன். கணக்கு மட்டும் போடுவேன். இன்னொன்று, தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நான் போட நினைத்தது இஞ்சித் தண்ணீர். போலீஸ் அண்ணன்கள் கவனிக்க :)

சரி, மேட்டருக்கு வருவோம்.

பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் டொரன்டோவிலிருந்து பையனோடு வீடியோ கால். அண்ணன் அங்கே வீட்டிலேயே பியர் போடுகிறான். கனடாவில் சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. பெரியம்மாவுக்கு அது பியர் என்று தெரியாது, "ஏதோ ஜூஸ்" என்று சொல்லி வைத்திருக்கிறான். போன மாதம் போனைச் சாய்த்து வைத்துவிட்டு பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு பக்கெட்டில் முக்கி எடுக்கிறான், பாட்டிலுக்குள் நுரை நிற்கிறது. அந்த நுரையை அலசவே இல்லை. அப்படியே அதன்மேல் ஜூஸை (?) ஊற்றுகிறான்.

"அடப்பாவி! சோப்பு நுரையோட ஊத்தறானே! அலசுடா! கேன்சர் வந்துடும்டா!"

"அம்மா, இதை அலசக் கூடாதும்மா. அப்படித்தான்."

"கெமிக்கல்டா அது!"

அண்ணன் எவ்வளவோ சொன்னான், எடுபடவில்லை. பெரியம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் நாலு பேரிடம் சொல்லி, நாலு பேரும் "ஆமாம், இப்பல்லாம் எல்லாமே கெமிக்கல்" என்று தலையாட்டினார்கள். நானும் அவர்களில் ஒருத்தன்தான், மறைக்கவில்லை.

அதே பெரியம்மா வீட்டுப் பின்கட்டில், குழாய்க்குப் பக்கத்தில், ஒரு இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் இருக்கிறது. உள்ளே மஞ்சளாக ஒரு திரவம். லேபிள் கிடையாது. கழிவறை கழுவும் ஆசிட். பக்கத்தில் இன்னொரு பாட்டில், வெள்ளை, பினாயில். இன்னொரு டப்பாவில் பிளீச்சிங் பவுடர். மூன்றின்மேலும் ஒரு எழுத்து கிடையாது. பேரப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அங்கேதான் விளையாடுகிறார்கள். அதைப் பற்றி யாரும் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

என் சண்டை இங்கேதான்.

முதலில் அந்த நுரையைப் பார்ப்போம். அண்ணன் உபயோகிப்பது ஸ்டார் சான் என்கிற சாமான். அதில் இருக்கிற முக்கியமான இரண்டு: ஒன்று பாஸ்பாரிக் அமிலம். கோலா பானங்களில் அந்தப் புளிப்புக்காகச் சேர்ப்பது. இன்னொன்று நுரை வரவைக்கும் ஒரு சமாசாரம், நம் ஊரில் குடிசைத் தொழிலாக சோப்புப் பவுடர் போடுகிறவர்கள் கேனில் வாங்குகிற "ஆசிட் ஸ்லரி"யின் சொந்தக்காரன். லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லி கலக்க வேண்டும், ஒன்றிரண்டு நிமிஷம் பட்டால் போதும், அலச வேண்டாம் என்பது கணக்கு. கலந்த தண்ணீரில் ஐந்து மில்லி பாட்டிலிலேயே நின்றுவிட்டது என்று வையுங்கள். அதில் இருக்கிற பாஸ்பாரிக் அமிலம் சுமார் 5 மில்லிகிராம். ஒரு சின்ன பாட்டில் கோலாவில் இதைப்போல் இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது. நுரைக்காரன் ஒன்றிரண்டு மில்லிகிராம். சாப்பாட்டுத் தட்டை விளக்கிவிட்டு அவசரத்தில் அலசாமல் வைக்கிறோமே, அதில் ஒட்டியிருப்பதோடு ஒப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

உடனே ஒரு புத்திசாலி எழுந்து, "அப்ப ஆசிட் ஸ்லரியே வாங்கிக் கலந்துக்கலாமே, சீப்பா வருமே" என்பார். வேண்டாம் சாமி. பொருள் ஒன்றாக இருந்தாலும் அது சோப்புக்குச் செய்தது. அதில் வேறு என்ன அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று எவனும் பார்த்து அனுப்புவதில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு என்று விற்பதற்குக் கூடுதலாகக் காசு வாங்குவது அதைப் பார்த்து அனுப்பத்தான்.

"நம்ம முன்னோர்கள் கெமிக்கலா போட்டாங்க?" இது அடுத்த டயலாக். போட்டார்கள்! வெயில் காலத்தில் ஒரிக்கைப் பக்கமோ வாலாஜாபாத் ரோட்டிலோ பதநீர் வாங்கிக் குடிக்கிறோமே, அந்தப் பதநீர் பதநீராக இருப்பது எதனால்? கலயத்தின் உள்பக்கம் பூசுகிற சுண்ணாம்பினால். சுண்ணாம்பு பூசாத கலயத்தில் அதே பனையிலிருந்து அதே பாளையில் இறங்கினால் அது கள். கள் இறக்க 1987-லிருந்து இங்கே தடை, பதநீருக்குத் தடையில்லை. ஆக, சட்டத்துக்கு உட்பட்டது, உட்படாதது இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு பூச்சு கால்சியம் ஹைட்ராக்சைடு. பெயரை இப்படிச் சொன்னால் பெரியம்மா குடிக்க மாட்டாள். சுண்ணாம்பு என்றால் இரண்டு சொம்பு கேட்பாள். அந்தக் காரம் நுரைக்கிற பூஞ்சையை வளர விடாது. சுண்ணாம்பு குறைந்தால் பொழுது ஏற ஏறப் புளித்துவிடும், கூடினால் நாக்கு வெந்துவிடும். எவ்வளவு பூச வேண்டும் என்பது மரம் ஏறுகிறவரின் கையில் இருக்கிறது. அவருக்கு பிபிஎம் தெரியாது, அளவு தெரியும்.

எனக்கு பிபிஎம் தெரிந்தது, அளவு தெரியவில்லை. அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரியம்மா அலறிய அடுத்த வாரம் எனக்கும் ஆசை வந்தது. இஞ்சி, சர்க்கரை, தண்ணீர், இரண்டு மூன்று நாள் வைத்தால் சுர்ரென்று சோடா மாதிரி ஒரு பானம். பரணிலிருந்து ஊறுகாய் ஜாடி இரண்டை இறக்கினேன். பழைய எண்ணெய் வாடை. இணையத்தில் தேடினேன். ஒரு இடத்தில் "பிளீச் போட்டுச் சுத்தம் செய்யுங்கள்" என்றிருந்தது. இன்னொரு இடத்தில் "வாடை போக வினிகர் நல்லது" என்றிருந்தது. இரண்டும் தனித்தனியாக உண்மை. நான் காமர்ஸ் மூளையோடு இரண்டையும் கூட்டினேன். கால் டம்ளர் பிளீச், தண்ணீர் கலக்காமல், ஜாடிக்குள் ஊற்றிக் குலுக்கினேன். பிளீச் வாடை பிடிக்கவில்லை. அதைக் கொட்டாமலேயே மேலே வினிகரை ஊற்றினேன்.

ஒரு நொடி. மூக்கில் ஊசி குத்தியது போல் இருந்தது, கண் திறக்க முடியவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி. எங்கள் வீட்டு சமையலறைக்கு ஜன்னல் ஒன்றுதான், அதுவும் அன்றைக்குச் சாத்தியிருந்தது. நான் தப்பித்தேன். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த என் தங்கை, எட்டாவது படிக்கிறாள், அவளுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. வெளியே தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்று ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கோடு புகை மருந்து இழுத்துக்கொண்டு கிடந்தாள். இடையில் என்னைப் பார்த்து, "அண்ணா, சோடா ரெடியா?" என்றாள். அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

நடந்தது இதுதான். பிளீச் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரத்தில்தான் குளோரின் அடங்கி இருக்கிறது. அதில் அமிலம் சேர்ந்தால், வினிகரோ எலுமிச்சையோ கழிவறை ஆசிட்டோ, குளோரின் வாயுவாக வெளியே வந்துவிடும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ர ஊர்ப் பக்கம் ஜெர்மானியர்கள் போர்முனையில் திறந்துவிட்டார்களே, அதே வாயு. நான் ஊறுகாய் ஜாடியில் திறந்துவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் இன்னொன்று சொன்னான். அங்கே சில பழைய ஆட்கள் பிளீச்சையும் வினிகரையும் சேர்த்தே உபயோகிப்பார்களாம். பக்கெட் நிறையத் தண்ணீரில் துளியூண்டு பிளீச்சைக் கலக்கிவிட்டு, பிறகு துளியூண்டு வினிகர். அவ்வளவு நீர்த்திருந்தால் வாயு கிளம்பாது, கிருமியைக் கொல்லும் சக்தி மட்டும் பல மடங்கு கூடும். கெமிஸ்ட்ரி சரிதான். ஆனால் என் கருத்தைக் கேட்டால், இந்த வித்தையை நம் வீடுகளில் யாரும் செய்யக் கூடாது. வரிசை மாறினால், தண்ணீருக்கு முன்னால் இரண்டும் சந்தித்தால், ஆஸ்பத்திரி. ஒரு கை மறதியில் ஆளைச் சாய்க்கிற முறையைப் பாதுகாப்பானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பாதான் மறுநாள் தறியிலிருந்து எழுந்து வந்து கேட்டார். "பட்டுல பிளீச் பட்டா என்ன ஆவும்னு தெரியாதா உனக்கு? இந்த ஊர்லதானே பொறந்த?"

தெரியும். காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பட்டை வெளுக்க வேறு மருந்து உண்டு, பிளீச் மட்டும் கிட்டே வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் கழித்துப் போட்ட பட்டு இழை கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீர்க்காத பிளீச்சில் போட்டுப் பாருங்கள் (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு!). அரை மணி நேரத்தில் கிண்ணத்தில் இழை இருக்காது. கரைந்துவிடும். பருத்தி நூல் அப்படிக் கரையாது. பட்டு புரதம். கிருமியின் உடம்பிலும் புரதம். என் தங்கையின் மூச்சுக்குழாயின் உள்தோலும் அதே ஜாதி. பிளீச்சுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

அதற்காக பிளீச் விஷம், தொடாதே என்று நான் ஓடவில்லை. கணக்குப் போடுங்கள். கடையில் விற்கிற திரவ பிளீச் சுமார் நாலு சதவீதம். அதாவது லிட்டருக்கு 40,000 மில்லிகிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன், ஐந்து மில்லி, கலந்தால் சுமார் 200 பிபிஎம். பாட்டிலைக் கவிழ்த்து வடித்த பிறகு ஒரு மில்லி உள்ளே ஒட்டியிருந்தால் 0.2 மில்லிகிராம். 650 மில்லி பாட்டிலில் அது லிட்டருக்கு 0.3. நம் குழாய்த் தண்ணீரில் கிருமி வராமல் இருக்கக் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்று இந்தியத் தரக் கட்டுப்பாட்டு விதியே சொல்கிறது. ஆக, அளவாகக் கலந்த பிளீச்சில் மிச்சம் நிற்பது குழாய்த் தண்ணீர் கணக்குதான். வெளிநாட்டில் பியர் போடுகிறவர்கள் பிளீச்சை விட்டதற்கு முக்கியக் காரணம் ருசி. தானியத்தில் இருக்கிற சில பொருட்களோடு குளோரின் சேர்ந்தால், துளி இருந்தாலும், மருந்துக்கடை வாடை அடிக்கும். ஸ்டீல் பாத்திரத்தையும் அரித்துவிடும்.

இன்னொரு தரப்பு, "எதுக்குய்யா இதெல்லாம், கொதிக்கிற தண்ணி போதாதா?" என்பார்கள். இவர்களை நான் மதிக்கிறேன். பாத்திரம் ஸ்டீல் என்றால் போதும், தாராளமாகப் போதும். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை மந்தாரை இலை வைத்து மணிக்கணக்கில் ஆவியில் வேக வைக்கிறார்கள், அந்த ஆவிக்கு மிஞ்சி எந்தக் கிருமி நிற்கும்? கண்ணாடி பாட்டிலில் திடீரென்று கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும், பிளாஸ்டிக் நெளியும், அதுதான் சிக்கல். அப்புறம், எதை ஊற்றினாலும் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் மருந்தின் பலம் அதிலேயே செலவாகிவிடும். என் ஜாடியில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

இப்போது "வீட்டுல போட்டா கண்ணு போயிடும்" கோஷ்டிக்கு வருகிறேன். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதைத் தாண்டியது. அங்கே கொன்றது மெத்தனால். ஆலைகளுக்குப் போக வேண்டிய சரக்கு கேனில் கைமாறி குடிக்கிறவன் டம்ளருக்கு வந்தது. சர்க்கரையைப் புளிக்க வைத்தால் அந்த அளவு மெத்தனால் வராது. அந்த கேன் கை மாறிக்கொண்டே வந்தபோது குடிக்கிறவன் கண்ணில் படுகிற மாதிரி அதன் பெயர் எங்காவது எழுதியிருந்ததா?

2020 ஜூலைக் கடைசியில் ஆந்திராவில் பிரகாசம் மாவட்டம் குரிச்சேடு ஊரில், கொரோனாவுக்காக சாராயக் கடைகள் மூடியிருந்தபோது, கையில் தடவும் சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குடிவெறி என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அது இல்லாமல் இல்லை. ஆனால் தமிழில் பாருங்கள்: கையில் தடவுவது கிருமிநாசினி. தரையில் ஊற்றுவது கிருமிநாசினி. சாக்கடையோரம் தூவுவது கிருமிநாசினி. அண்ணன் பாட்டிலில் நுரைப்பதும் கிருமிநாசினி. நாலுக்கும் ஒரே பெயர், நாலும் வேறு வேறு சாமான். இதில் எது வயிற்றுக்குப் போனால் பரவாயில்லை, எது போனால் பாடை என்று பெரியம்மா எப்படிக் கண்டுபிடிப்பாள்? அதனால்தான் அவள் எல்லாவற்றையும் "கெமிக்கல்" என்று ஒரே மூட்டையில் கட்டுகிறாள். தப்பு அவள் மேல் பாதிதான்.

மீதிப் பாதி விற்கிறவர்கள் மேல். எங்கள் பிசினஸ் லா பேப்பரில் பக்கம் பக்கமாகப் படித்து எழுதுகிறோம். பொட்டலம் கட்டி விற்கிற பொருளில் பெயர், அளவு, தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும் என்று 2011-ம் வருட விதி. ஆசிட் விற்றால் வாங்குகிறவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆசிட் வீச்சு வழக்கில். ஜூஸ் கடைக்காரர் கழுவும் மருந்தை உணவிலிருந்து தனியாக, பெயர் தெரிகிற டப்பாவில் வைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி. எல்லாம் எழுதி பத்து மார்க் வாங்கியாயிற்று. எங்கள் தெருவில் வாரம் ஒரு முறை மூன்று சக்கர வண்டியில் "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடரே" என்று குரல் வருகிறது. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலை நாம் நீட்டுகிறோம், அவர் புனல் வைத்து ஊற்றுகிறார். நான் ஐந்தாவது படிக்கும்போதிலிருந்து நான்தான் போய் வாங்கி வருவேன். ஒரு நாளும் யாரும் என் வயசைக் கேட்டதில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. பால் பண்ணைகளில் அயோடின் கலந்த கிருமிநாசினி காலம் காலமாக உபயோகத்தில் இருக்கிறது. பாத்திரத்துக்கென்று வருவதை லிட்டருக்குப் பன்னிரண்டரை மில்லிகிராம் கணக்கில் கலந்தால் அலசவே வேண்டாம் என்று வீட்டில் பியர் போடுகிறவர்கள் வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி சாமானை ஐம்பது மில்லி, நூறு மில்லி பாக்கெட்டில், ஒரு மூடி அளவோடு, தமிழில் "பாத்திரத்துக்கு, இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு, வேறு எதனோடும் கலக்காதே" என்று எழுதி ராஜாஜி மார்க்கெட்டில் ஒரு கடையில் வைத்தால் ஊறுகாய் போடுகிறவர்கள், ஜூஸ் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்களா? நான் தேடிய நாலு கடையில் கிடைக்கவில்லை. நாலிலும் ஆசிட் கிடைத்தது. ஒரு கடையில் மினரல் வாட்டர் பாட்டிலில்.

தங்கை இப்போது நன்றாக இருக்கிறாள். இஞ்சித் தண்ணீர் போடவே இல்லை. பெரியம்மா வீட்டுப் பின்கட்டுக்குப் போய் மூன்றின்மேலும் பேப்பர் ஒட்டி மார்க்கரில் எழுதினேன். பினாயிலை எழுதும்போது பெரியம்மா, "எனக்குத்தான் தெரியுமேடா, எதுக்கு எழுதற" என்றாள். "உங்களுக்குத் தெரியும் பெரியம்மா, ரெண்டாவது படிக்கிற குட்டிப் பையனுக்கு?" என்றேன். பதில் வரவில்லை, ஆனால் பாட்டிலை எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை வண்டிக்காரரையும் நிறுத்திப் பேசிப் பார்த்தேன். "அண்ணே, பாட்டில்ல பேர் எழுதி ஒட்டிக் குடுங்களேன்."

"லேபிள் அடிக்கணும்னா பாட்டிலுக்கு ரெண்டு ரூபா கூட ஆவும் தம்பி. எவன் குடுப்பான்?"

"நான் குடுக்கறேன்."

சிரித்தார். என் கையிலிருந்த பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலை வாங்கி, புனலை வைத்தார்.